என் கணவரின் மக்னம் ரிவோல்வர்

முதலில் வீட்டுக்கு வந்தது இரும்புப் பெட்டகம். இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து, எங்கள் படுக்கையறை உடுப்பு அலுமாரிக்குள் வைத்து, சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டுப் போனார்கள். நான் ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் ஒரு பாலர் பாடசாலையில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. அன்று முழுக்கப் பிள்ளைகளோடு பனியில் சறுக்கிவிட்டு, நனைந்த முழங்கால்களோடு வீட்டுக்கு வந்தால், என் சேலைகள் எல்லாம் கட்டிலில் குவிந்து கிடக்கின்றன. அவை தொங்கிய இடத்தில் பெட்டகம் நிற்கிறது.

"இதுக்குள்ளை என்ன வைக்கப் போறியள்?" என்று கேட்டேன்.

"ரிவோல்வர்," என்றார் என் கணவர், புதிதாக வாங்கப்போகும் சட்டி ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு மாணவராக நோர்வேக்கு வந்தவர். துரொண்ட்ஹெய்மில் உலோகப் பொறியியல் படித்தார். ஒஸ்லோவில் பாலங்களின் வெல்டிங் ஒட்டுவேலைகளையும் கடலடிக் குழாய்களையும் சோதிக்கும் நிறுவனமொன்றில் வேலை. ஊரில் இருந்த வரைக்கும் அவர் ஒரு துவக்கைத் தொட்டதில்லை. வேலையிடத்தில் யாரோ கூப்பிட்டுச் சும்மா பார்க்கப் போன இடம்தான் அந்தச் சூட்டுக் கழகம். பிறகு பயிற்சி வகுப்பு என்றார், கழகத்துத் துப்பாக்கியால் பழகுகிறேன் என்றார், பொலிஸ் அனுமதிக்கு எழுதியிருக்கிறேன் என்றார். ஒரு குளிர்காலத்தோடு அலுத்துவிடும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். பெட்டகத்தைக் கண்ட பிறகுதான் அது அலுக்கப் போவதில்லை என்று விளங்கியது.

எங்கள் ஆட்களிடம் இந்தக் கதை பரவ நாள் எடுக்கவில்லை. கோயிலில் ஒரு அக்கா என்னைத் தூணோரம் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினா. "தங்கச்சி, அவர் அங்கை இயக்கத்திலை இருந்தவரோ?"

"இல்லை அக்கா. சண்டை பெரிசாக முதலே இஞ்சை வந்திட்டார்."

"பின்னை ஏன் உந்த வேலை?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. சண்டைக்குள் வளர்ந்தவள் நான். துவக்கு எப்படிச் செய்யப்பட்டது, எத்தனை வருடம் உழைக்கும் என்றெல்லாம் எங்கள் ஊரில் ஒருவரும் கதைத்ததில்லை. அது யாருடைய கையில் இருக்கிறது, அந்தக் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் கதை. என் கணவரோ அந்த ரிவோல்வரை மேசையில் துணி விரித்து வைத்துவிட்டு, அதன் உடம்பைப் பற்றி மட்டும் பேசினார்.

அது அமெரிக்காவில் செய்த முன்னூற்று ஐம்பத்தேழு மக்னம். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. கழகத்தில் அவருக்கு நெருக்கமாகியிருந்த நோர்வேக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், தன் மணிக்கட்டுகள் அந்த உதைப்பைத் தாங்கவில்லை என்று இவருக்குக் கொடுத்தது. விசையை இழுத்தால் அந்த ஒரே இழுப்பில் ஆறு ரவை கொண்ட உருளை சுழன்று, சுத்தியல் பின்னால் போய், தானாக விழுந்து வெடிக்கும். ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்து வைக்கத் தேவையில்லை. இந்த விளக்கத்தை எனக்கு அவர் வெற்று உருளையோடு செய்து காட்டினார். நான் கதவு நிலையில் நின்றபடியே பார்த்தேன்.

"எல்லாரும் பழைய ரிவோல்வர் பலமெண்டு சொல்லுவினம்," என்றார். "பழசு எண்டதாலை பலமில்லை. இந்த இரும்புச் சட்டத்தைப் பாரும், இதைவிடப் பெரிய ரவைக்குச் செய்த சட்டம். அதாலைதான் இது அசையாது. இதே காலத்திலை செய்த சின்னச் சட்ட ரிவோல்வர் மருந்து கூடின ரவையைத் தொடர்ந்து சுட்டா, குழலின்ரை அடியிலை வெடிச்சுப் போகும்."

"வெடிச்சா?"

"பயப்பிடாதையும். நான் இதை அடிச்சு முறிக்கேல்லை. மெல்லமா இழுக்கிறன். அவதிப்பட்டு இழுத்தா உருளை தன்ரை பாரத்தோடை வந்து தடுப்பிலை மோதும். உருளையின்ரை பூட்டு தேயிறது அப்பிடித்தான்."

குழலுக்கு மேலே, சட்டத்தின் உட்பக்கத்தில், மயிர்க்கோடு போல ஒரு பள்ளம் இருந்தது. வெடிக்கும் வாயு அரித்த பள்ளம் அது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். "இது இவ்வளவோடை நிண்டிடும்," என்றார். "கொஞ்சம் அரிக்கும், பிறகு தானாக நிக்கும்."

ஒருமுறை அவரோடு போனேன். பாறையைக் குடைந்து செய்த பழைய பதுங்கிடத்தில் இருந்தது சூட்டுக்கூடம். காதுக்கு மூடி தந்தார்கள். முதல் வெடி என் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் வெளியே வந்து, காருக்குள் இருந்து, போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தேன். பல் வைத்தியர் வெளியே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். "உங்கள் கணவர் இங்கே மிகவும் அமைதியான மனிதர்," என்றார். "அவரைப்போல மெதுவாகச் சுடுகிறவர் கழகத்தில் இல்லை." நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு போகவில்லை.

ஆனால் வருடங்கள் போகப் போக அது வீட்டுச் சாமான்களில் ஒன்றாகவே பழகிவிட்டது. கழகம் போய்வந்த நாளில் எண்ணெய் மணக்கும். குழலுக்கும் உருளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குள் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பார். உருளையை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று காதோடு வைத்துக் கேட்பார். வாங்கிய நாளில் இருந்த அளவுதான் இன்றைக்கும் என்று சொல்வார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வரும் திருப்தியை நான் வேறு எதிலும் கண்டதில்லை, மகள் பேர்கனில் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த நாளைத் தவிர. நான் பெட்டகத்துப் பக்கம் பார்க்காமல் என் சேலைகளை மற்றப் பக்கத்தில் தொங்கவிடப் பழகிக்கொண்டேன்.

அறுபதைத் தாண்டியதும் அவர் சொற்களைத் தேட ஆரம்பித்தார். முதலில் நோர்வேஜியச் சொற்கள். அது எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டேன். பிறகு தமிழ்ச் சொற்களும் வரமறுத்தன. சுளகைக் காட்டி, "உந்த... உந்த அரிசி புடைக்கிற சாமான்," என்பார். இருவரும் சிரிப்போம். கறிக்கு உப்புப் போட்டுவிட்டு, போட்டதை மறந்து திரும்பவும் போடுவார். அதற்கும் சிரித்தோம்.

அந்த வருடம் ஒரு பின்னேரம், அவரைப் பல் வைத்தியரே காரில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் கார் கழகத்தில் நின்றது. இவர் முகம் கறுத்துப் போயிருந்தது. நேரே அறைக்குள் போய்ப் பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வந்து, "அது பழுதாப் போச்சு," என்றார். "வெடிக்குதில்லை. சுத்தியல் விழுகுது, சத்தம் மட்டும்தான் கேக்குது."

"பழைய சாமான்தானே அப்பா," என்றேன்.

"பழசு எண்டு சொல்லாதையும். ஒரு ஸ்பிரிங் களைச்சிருக்கும். இல்லாட்டி எங்கையோ ஒரு வெடிப்பு."

அவர் உடுப்பு மாற்றப் போன நேரம் பல் வைத்தியர் என்னைப் படிக்கட்டு வரை வரச் சொன்னார். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். "ரிவோல்வரில் ஒரு பிழையும் இல்லை," என்றார். "நான் அதை வாங்கிப் பார்த்தேன். அவர் சுட்டு முடித்த வெற்று ரவைக் கோதுகளையே திரும்பவும் உருளைக்குள் போட்டிருக்கிறார். நான் எடுத்துக் காட்டினேன். அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மறுபடியும் அதையே போட்டார்."

நன்றி என்று சொன்னேன். கீழே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் என் கணவர் அந்த ரிவோல்வருக்குள் வெடிப்பைத் தேடினார். பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஒன்றும் காணவில்லை. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது சமையலறை ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெளியே உறைபனி. உள்ளே மூக்கில் ஏறும் ஒரு மணம். வேலையிடத்தில் ஒட்டுவேலைகளைச் சோதிக்கும் மருந்தைக் கொண்டுவந்திருந்தார். சிவப்பு மருந்தை உலோகத்தில் பூசித் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைத் தூளை விசிறினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அந்த இடம் சிவப்புக் கோடாகக் கசியும். சட்டமும் உருளையும் குழலும் திருநீறு பூசியதுபோல மேசையில் கிடந்தன. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதும் தெரியுதோ?"

"இல்லை," என்றார். பிறகு, "இருக்க வேணும். எங்கையோ இருக்க வேணும்," என்றார்.

அன்றைக்கு நான் மகளோடு தொலைபேசியில் கதைத்தேன். கோதுகளின் கதையைச் சொன்னேன்.

"அம்மா, அப்பாவுக்கு உட்ரெட்னிங் செய்ய வேணும். டெமென்ஸ் ஆ இருக்கலாம். நீங்க ஃபாஸ்ட்லேகெயோடை கதைச்சு டைம் எடுங்கோ." பரிசோதனை, மறதி நோய், குடும்ப வைத்தியர், எல்லாவற்றையும் அவள் தனக்குப் பழகிய ஆஸ்பத்திரிச் சொற்களில் சொன்னாள். "அதோடை அந்த வோப்பன், அந்தத் துவக்கு. அது வீட்டிலை இருக்கக் கூடாது அம்மா. நீங்க சொல்லுவீங்களோ, நான் சொல்லட்டோ?"

"நான் சொல்லுறன் பிள்ளை. கொஞ்சம் பொறு," என்றேன். அவருடைய கையிலிருந்து கடைசியாக எதைப் பிடுங்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லத் துணியாமல் சில நாட்கள் போயின.

பிறகு ஒருநாள் வழமைபோல வேலை முடிந்து வந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. வீட்டுக் கதவு பூட்டாமல் கிடந்தது. சமையலறை மேசையில், பாண் வெட்டும் பலகைக்குப் பக்கத்தில், ரிவோல்வர் இருந்தது. அவரைக் காணவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தேன், பெட்டகம் ஆவென்று திறந்திருந்தது. குளியலறை, களஞ்சிய அறை, ஒரு இடத்திலும் இல்லை. கூப்பிட்டேன்.

ரவை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்குத் தெரியாது. அத்தனை வருடமாக அவர் செய்து காட்டியபோது நான் கதவு நிலையிலேயே நின்றவள். தொடப் பயம், தொடாமல் விடவும் பயம். என்ன நினைத்தேனோ, சோறு காய்ச்சும் பெரிய பானையை எடுத்து அதற்கு மேலே கவிழ்த்துவிட்டேன். கவிழ்த்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு, பானையில் ஒரு கையை வைத்துக்கொண்டு இருந்தேன். பல் வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. பொலிஸுக்கு எடுக்கவா என்று யோசித்தபடி இருக்கும்போது படியில் கால் சத்தம் கேட்டது.

என் கணவர் கையில் ஒரு பை நிறையப் பால் பெட்டிகளோடு வந்தார். என்னைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"நீங்கள்தான் சொல்ல வேணும்," என்றேன். கையை எடுத்தேன்.

அவர் பானையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே பானையும் கையுமாக நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ரிவோல்வரை எடுத்து, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, உருளையைத் திறந்தார். கைகள் மறக்கவில்லை. ஒரு பிசகும் இல்லாமல் செய்தன. உருளையின் ஆறு துவாரத்திலும் ரவை இருந்தது. கோது இல்லை, முழு ரவை.

அவற்றை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இதை ஆர் போட்டது?" என்றார்.

அவர் என் முகத்தில் பதிலைத் தேடினார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அதில் இருந்த பனி உருகி நிலத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் இதிலை வெடிப்பைத் தேடிக்கொண்டிருந்தனான்," என்றார் கடைசியில். "உமக்குத் தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

"அவருக்கும் தெரியுமோ, கழகத்திலை?"

"ஓம்."

"எல்லாருக்கும் தெரியும்," என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நான் அழுதேன். அவர் எழும்பி எனக்குத் தண்ணீர் வார்த்துத் தந்தார்.

ரிவோல்வரை உள்ளே வைத்து, பெட்டகத்தைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தார். அடுத்த நாள் அவரே வைத்தியரிடம் நேரம் எடுத்தார். என்ன சொல்லி எடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

குடும்ப வைத்தியர் இளம் பெண். மணிக்கூடு ஒன்றை வரையச் சொன்னா. இவர் வட்டத்தை அழகாக வரைந்துவிட்டு, எண்களை எல்லாம் ஒரு பக்கத்தில் நெருக்கி எழுதினார். மூளைப் படம் எடுத்து, மற்றச் சோதனைகளும் முடிந்த பிறகு நோயின் பெயரைச் சொன்னா. "இது இவ்வளவோடு நின்றுவிடுமா?" என்று நான் கேட்டேன். "இல்லை," என்றா. "மெதுவாகப் போகலாம். ஆனால் நிற்காது." அதற்குப் பிறகு இவரைப் பார்த்து, துப்பாக்கி அனுமதி உள்ளவர் என்பதால் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டியது தன் கடமை என்றா.

"அறிவியுங்கள்," என்றார் இவர். "அதற்காகத்தான் வந்தேன்."

ரிவோல்வரைப் பொலிஸில் கொடுத்து அழிக்க வேண்டியதில்லை. அனுமதி உள்ள ஒருவருக்குக் கைமாற்றலாம். செய்தி கேள்விப்பட்டு பல் வைத்தியர் வீட்டுக்கு வந்தார். கழகத்தில் ஒரு இளம் பெண் கேட்டிருக்கிறா, நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவ என்றார். "இப்படி ஒன்றை இன்றைக்கு யாரும் செய்யமாட்டார்கள். இன்னும் நூறு வருடத்துக்குச் சுடும்."

"அதுதான்," என்றார் என் கணவர். "நூறு வருடத்துக்குச் சுடும். அந்தப் பெண் நல்லவர்தான், எனக்குத் தெரியும். அவருக்குப் பிறகு யார்? எனக்கு இன்னும் யோசிக்க முடியும்போதே இதை முடித்துவிட வேண்டும்."

"உருக்கிவிடவா? அது பாவம்."

"நான் முப்பது வருடமாக இரும்பு எப்போது உடையும் என்று சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். இது தானாக உடையாது."

அன்று, விசித்திரமாக, பல் வைத்தியரின் பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எப்போது போகும் என்று காத்திருந்தவள் நான். ஆனால் என் கணவர் இன்னும் தடுமாறாமல் பேசக்கூடிய விஷயம் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது யாருடைய வீட்டிலாவது இருந்தால், போய்ப் பார்க்கலாம், பேசலாம். நண்பர் போன பிறகு அதைச் சொன்னேன். "குடுத்தா என்னப்பா? எங்கையாவது இருக்கட்டுமே."

"நீரோ இதைச் சொல்லுறீர்?" என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு, "வேண்டாம். எனக்கு ஊர் ஞாபகம் வருகுது," என்றார்.

அவர் ஊரைப் பற்றி, அங்கிருந்த துவக்குகளைப் பற்றி, அதற்கு முன்னும் பின்னும் என்னோடு பேசியதில்லை. அந்த ஒரு வசனம்தான்.

பல் வைத்தியர்தான் எங்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். இவர் போவதற்கு முன் ரிவோல்வரைச் சுத்தம் செய்தார், உருகப் போவதற்கு எதற்குச் சுத்தம் என்று நாங்கள் கேட்கவில்லை. நிலையத்தில் ஒரு இளைஞர் பெட்டியைத் திறந்து, ரிவோல்வரில் பொறித்திருந்த எண்ணைச் சரிபார்த்தார். "நல்ல நிலையில் இருக்கிறது," என்றார். "உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?" இவர் ஓம் என்று தமிழில் சொன்னார். பிறகு தன்னைத் திருத்தி நோர்வேஜியத்தில் சொன்னார். திரும்பி வரும்போது பல் வைத்தியர் ஓட்டிக்கொண்டே ஒரு கையால் கண்ணைத் துடைத்தார். இவர் பின் இருக்கையில் நித்திரையாகிவிட்டார்.

அது நடந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மகள் பேர்கனிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறாள். நான் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். பல் வைத்தியர் இன்னும் இவரைக் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே கோப்பி குடித்துவிட்டு, மற்றவர்கள் சுட்ட இலக்குத் தாள்களைப் பார்த்துவிட்டு வருவார். சில நாட்களில் ரிவோல்வர் எங்கே என்று கேட்பார். "பொலிஸிலை குடுத்திட்டம்," என்பேன். "நல்லது," என்பார். ஒவ்வொரு முறையும் அதே சொல். ஒருநாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

போன கிழமை ஒரு காலை, நான் ஜன்னலோரம் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் அறையிலிருந்து வந்து, தலையை வாரிவிட்டு, சட்டைப் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். யாருடைய வீட்டுக்கோ வந்தவரைப்போல இருக்கத் தயங்கினார்.

"நீங்கள் கனநேரமா இருக்கிறீங்களோ?" என்று கேட்டார்.

கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவர் என்னை 'நீர்' என்றுதான் சொல்லி வந்தவர். கோபத்திலும் அப்படித்தான், அன்பிலும் அப்படித்தான். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இல்லை, இப்பதான் வந்தனான்," என்றேன். "இருங்கோ. உங்களுக்கும் ஊத்துறன்."